நீர் இங்கேயிருந்தீரானால்

கர்த்தருடைய நேரம் ஒருபோதும் பிந்தாது என்று எங்கள் சபைகளில் யாராவது சொல்லாத கிழமை இல்லை. வேலை கிடைத்தவர் சொல்வார், கட்டாருக்கு விசா வந்தவர் சொல்வார், கலியாணம் சரிவந்த வீட்டிலும் சொல்வார்கள். நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன், நம்பித்தான் சொன்னேன். ஆனால் சில வருடங்களுக்கு முன் ஒரு வருடக்கடைசி ஆராதனையில் அதே வார்த்தையைக் கேட்டபோது என் வாயிலிருந்து ஆமென் வரவில்லை. அது மனதுக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. யாரிடமும் விவாதிக்கவும் பிடிக்கவில்லை, விட்டுவிடவும் முடியவில்லை. இப்போதுதான் எழுத வருகிறது.

அன்று சாட்சி நேரத்தில் ஒரு சகோதரர் எழுந்தார். நல்ல மனிதர், சபைக்காக ஓடியாடி வேலை செய்பவர். சுனாமி வந்த காலையில் தன் குடும்பம் எப்படித் தப்பியது என்று சொன்னார். வீடு மட்டக்களப்பில், கல்லடிக் கரையோரம். நத்தாருக்கு அடுத்த நாள், எல்லோருக்கும் களைப்பு, ஆராதனைக்குப் போகாமல் வீட்டில் நிற்கலாம் என்றுதான் அவர் நினைத்திருந்தாராம். மனைவி விடவில்லை. பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, டவுனுக்கு வந்து வாங்கில் இருந்த நேரத்தில்தான் கடல் அந்த வீட்டுக்குள் புகுந்தது. "கொஞ்சம் பிந்தியிருந்தாலும் இண்டைக்கு நாங்கள் இல்லை. கர்த்தருடைய நேரம் ஒருபோதும் பிந்தாது" என்று முடித்தார். சபை கைதட்டியது. எனக்குப் பக்கத்தில் சபையில் எல்லோரும் மாமி என்று கூப்பிடும் ஒரு பெண் இருந்தார். அவரும் அதே 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனைக்குத்தான் போயிருந்தார், நாவலடியிலிருந்து. சின்னவனுக்குக் காய்ச்சல் என்று இரண்டு பிள்ளைகளையும் அவர்களுடைய அம்மம்மாவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். நாவலடி எப்படிப்பட்ட இடம் என்று மட்டக்களப்பாருக்குச் சொல்லத் தேவையில்லை: ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு துண்டு மணல். மூவரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

அந்த மாமி ஆமென் சொன்னார். தெளிவாக, சத்தமாகச் சொன்னார். என்னால் முடியாதது அவரால் எப்படி முடிந்தது என்பதுதான் என்னை விடாமல் பிடித்த கேள்வி.

சாட்சி சொன்ன சகோதரரை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் உயிரோடு கிடைத்த தகப்பன் நன்றி சொல்லாமல் வேறென்ன செய்வான்? அந்தக் காலையில் இலங்கையில் 30,000 பேருக்கும் மேல் போனார்கள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல். கல்முனை, மருதமுனை, காரைதீவு என்று ஊர் ஊராகப் போனது. அதற்குள்ளிருந்து தப்பியவர் கையுயர்த்தித் துதிப்பதை யாரும் தடுக்கக்கூடாது. என் சிக்கல் நன்றியில் இல்லை, அவர் கடைசியில் சேர்த்த அந்த ஒரு வரியில் இருந்தது. தப்பியதற்குக் காரணம் கர்த்தருடைய நேரம் என்றால், தப்பாதவர்களுக்கு அவர் நேரம் பிந்தியதா? இல்லை, அதுவும் சரியான நேரம்தானா? முதலாவது அவர் வல்லமையைக் குறைக்கிறது. இரண்டாவது அவர் இருதயத்தையே கறுப்பாக்கிவிடுகிறது. இரண்டையும் அந்த மாமியின் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது.

யோசித்துப் பார்த்தால், எங்கள் சாட்சி நேரங்களில் மைக் கிடைப்பது கிடைத்தவருக்குத்தான். கேட்டது கிடைத்தவர் எழும்புகிறார், கிடைக்காதவர் வாங்கிலேயே இருக்கிறார். இப்படி வருடக்கணக்காக நடக்கும்போது, பெற்றுக்கொண்டவர்களின் கதைகளை மட்டும் சேர்த்துக் கடவுள் இப்படிப்பட்டவர் என்று நாங்கள் ஒரு படம் வரைந்துவிடுகிறோம். குழந்தைக்காகப் பத்து, பன்னிரண்டு வருடம் காத்திருக்கும் ஒரு பெண் அந்தப் படத்தைப் பார்த்துத் தனக்குள் என்ன நினைப்பாள்? தன் விசுவாசம் போதாது என்று நினைப்பாள், அல்லது அவருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைப்பாள். காணாமல்போன மகனுக்காக இன்றும் ஒரு படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீதியோரம் இருக்கும் தாய்மார் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் நேரம் பிந்தாது என்று சொல்லிப் பாருங்கள்.

வேதாகமம் இப்படி ஒருபக்கக் கதை சொல்வதில்லை. அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரம் இருக்கிறது. பேதுருவை தூதன் சிறையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த கதையாகத்தான் அதை எல்லோருக்கும் தெரியும். சங்கிலி விழுகிறது, இரும்புக்கதவு தானாகத் திறக்கிறது, ரோதை என்ற பெண் சந்தோசத்தில் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடுகிறாள். ஓய்வுநாட் பாடசாலையில் நாங்கள் நாடகமாகவே நடித்திருக்கிறோம். அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில், யோவானின் சகோதரனாகிய யாக்கோபை ஏரோது பட்டயத்தால் கொன்றான் என்று இருக்கிறது. ஒரே ஒரு வரி. அதை ஒருவரும் நாடகமாக்குவதில்லை. அதே ராஜா, அதே சபை. பேதுருவுக்காக ஊக்கமாய் ஜெபித்தவர்கள் யாக்கோபுக்காக ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? பேதுரு கதவைத் தட்டிய சத்தம் கேட்ட வீட்டில் யாக்கோபின் தாய் இருந்தாளோ என்று நான் அடிக்கடி நினைப்பேன். இதை எழுதிய லூக்கா எந்த விளக்கமும் தரவில்லை. யாக்கோபின் விசுவாசம் குறைந்தது என்று சொல்லவில்லை, பேதுருவுக்கு இன்னும் வேலை இருந்தது என்றும் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுப் போகிறார். அந்த நேர்மை எங்களுக்கு வேண்டும்.

விவசாயியின் பொறுமை

காத்திருப்பைப் பற்றிப் பிரசங்கம் என்றால் எங்கள் பக்கத்தில் யாக்கோபு 5:7 வராமல் இருக்காது. பயிரிடுகிறவன் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் நீடிய பொறுமையோடு காத்திருக்கிறான் என்ற வசனம். வெள்ளாமை செய்கிற ஊரில் அது லேசாகப் பிடிபடும். மழையை நம்பிப் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாக்களின் பிள்ளைகள் நாங்கள். ஆனால் அந்த வசனத்தை மேடையிலிருந்து சொல்பவர்கள், மழை வந்தே தீரும், வந்தால் விளையும் என்கிற மாதிரி முடித்துவிடுகிறார்கள். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் ஒரு விவசாயியிடம் கேளுங்கள். 2011 தை மாதம் மழை வந்ததுதான். வந்து நிற்கவில்லை. மாசியிலும் கொட்டியது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கதிர் வந்த வயல்கள் தண்ணீருக்குள் கிடந்து அழுகின. பெரும்போகம் அப்படியே போனது. மழையும் நேரம் தவறி வரும் என்று தெரிந்த மனிதன்தான் அடுத்த வருடமும் விதைநெல்லைத் தோளில் சுமந்துகொண்டு போகிறான். அவனுடைய பொறுமைக்கு முடிவு தெரியாது. யாக்கோபு சொன்ன நீடிய பொறுமை இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆபிரகாமையும் யோசேப்பையும் உதாரணம் காட்டும்போதும் இதே பிழை நடக்கிறது. ஆபிரகாம் புறப்பட்டபோது வயது 75, ஈசாக்கு பிறந்தபோது 100. இருபத்தைந்து வருடத்தை நாங்கள் ஐந்து நிமிடத்தில் வாசித்துவிடுகிறோம். முடிவு தெரிந்த கதையில் காத்திருப்பது ஒன்றும் பெரிய விசயமில்லை. சாராள் எண்பது வயதில் ஒரு காலையில் எழும்பி மாவு பிசையும்போது அவளுக்கு முடிவு தெரியாது. எபிரெயர் 11ஆம் அதிகாரத்தின் முதல் பாதியைச் சுவரில் எழுதுகிறோம். அதன் முப்பத்தொன்பதாம் வசனத்தை எழுதிய ஒரு சுவரை நான் கண்டதில்லை. "இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சிபெற்றும், வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள்." அடையாமல் போனவர்களுக்கும் நற்சாட்சி உண்டு என்று வேதமே சொல்கிறது.

எங்கள் நகரத்திலேயே ஒருவர் இருக்கிறார். வில்லியம் ஓல்ட். மெதடிஸ்த மிஷனரி. 1813 கடைசியில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறினார். வழியில் மனைவி இறந்தார். அந்த மிஷனரிக் கூட்டத்துக்குத் தலைவராக வந்த தோமஸ் கோக்கும் கடலிலேயே இறந்தார். 1814இல் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார், பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்பிக்கத் தொடங்கினார், 1815 ஏப்ரலில் காய்ச்சலோடு போய்ச் சேர்ந்தார். மட்டக்களப்பில் அவர் வாழ்ந்தது ஒரு வருடம்கூட இல்லை. அவர் வைத்த தொடக்கம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. நகரில் அவருக்குச் சிலையும் இருக்கிறது. இதைச் சொல்லும்போது எல்லோரும், பார், கர்த்தர் எவ்வளவு அழகாகத் திட்டமிட்டார் என்பார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வருவதில்லை. கல்லூரிக்காகத்தான் அவரும் மனைவியும் சாக வேண்டியிருந்தது என்று கணக்குப் போடும் உரிமை எங்களுக்கு இல்லை. அவர் கண்டதெல்லாம் கொஞ்சப் பிள்ளைகளும் காய்ச்சலும்தான். அதற்குள் நின்றுகொண்டு அவர் யாரை நம்பினார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

மாமி சொன்னது

கடைசியில் மாமியிடமே கேட்டேன். சரியான நேரம் பார்த்துப் போய்க் கேட்டதல்ல. அம்மா கொடுத்துவிட்ட ஒரு சாமானைக் கொடுக்கப் போயிருந்தேன். மாமி திண்ணையில் சுளகை மடியில் வைத்துக் கூனி இறால் தெரிந்துகொண்டிருந்தார். காய்ந்த கூனிக்குள் சிப்பித் துண்டு, தும்பு, மணல் எல்லாம் கலந்திருக்கும். ஒரு விரல் நுனியால் ஒவ்வொன்றாக ஒதுக்கி ஓரத்துக்குத் தள்ள வேண்டும். கண்ணும் விரலும் அதிலேயே இருக்க, வாய் ஊர்க்கதை கதைத்துக்கொண்டிருந்தது. நான் எப்படியோ தொடங்கிவிட்டேன்.

"மாமி, அண்டைக்கு அவர் சாட்சி சொல்லக்குள்ள நீங்க ஆமென் சொன்னீங்களே. எப்படி மாமி?"

"ஓம் மனே, சொன்னன். அவர்ர புள்ளைகள் உசிரோட இருக்கிறது எனக்குச் சந்தோசம்தானே. நான் பாக்கப் பாக்க வளந்த புள்ளைகள். அதுக்குத்தான் சொன்னன்."

"நேரம் பிந்தாது எண்டும் சொன்னாரே."

விரல் நின்றது. சுளகை ஒருதரம் தட்டினார். "எனக்கு அவர் பிந்தித்தான் வந்தார்" என்றார். குரலில் கோபம் இல்லை, எங்கள் தெருவில் பஸ் நிற்காது என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். "மார்த்தாளுக்கும் பிந்தித்தான் வந்தார். நாலு நாள். நீர் இங்கேயிருந்தீரானால் எண்டு அவள் முகத்துக்கு நேர கேட்டாள். மறுகா மரியாளும் வந்து அதையேதான் கேட்டாள். அப்படிக் கேளாத எண்டு அவர் ஏசினாரா? நான் பிந்தல்ல எண்டு ஒரு சொல்லுச் சொன்னாரா? நீ படிச்ச புள்ள, வாசிச்சுப் பார். அழுதார். மறுகாதான் கல்லறைக் கல்ல எடுக்கச் சொன்னார்."

நான் பேசாமல் இருந்தேன். மாமி திரும்பவும் கூனியைத் தெரியத் தொடங்கினார். "என்ர கல்லு இன்னும் எடுபடல்ல மனே. ஏன் எண்டு எனக்குத் தெரியா. நான் நேரம் பாக்கிறத விட்டுட்டன். என்னோட இருந்து அழுதவர் ஆர் எண்டு தெரியும், அவரோட இருக்கன்." அப்புறம் ஒரு ஷொப்பிங் பையில் இரண்டு கை கூனியை அள்ளிப் போட்டு, அம்மாவிடம் கொடுத்து முருங்கையிலையோடு சுண்டச் சொல் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து யோவான் 11ஐ எடுத்தேன். எத்தனையோ முறை வாசித்த அதிகாரம்தான். மார்த்தாள், மரியாளின் சகோதரன் லாசரு வியாதியாக இருக்கிறான் என்று கேள்விப்பட்டும் இயேசு இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்கினார் என்று ஆறாம் வசனம் மறைக்காமல் சொல்கிறது. அதற்கு முந்தின வசனம், அவர் மார்த்தாளிடமும் அவள் சகோதரியிடமும் லாசருவிடமும் அன்பாயிருந்தார் என்கிறது. அன்பும் தாமதமும் அடுத்தடுத்த வரிகளில். நாங்களாக இருந்தால் நடுவில் ஒரு ஆனால் போட்டிருப்போம். பிறகு மார்த்தாள் வருகிறாள். அவளிடம் இயேசு உன் சகோதரன் உயிர்த்தெழுந்திருப்பான் என்கிறார். உடனே அவள் மனம் நாளுக்குப் போகிறது: கடைசிநாளில் நடக்கும் உயிர்த்தெழுதலிலே அவனும் எழுந்திருப்பான் என்று அறிந்திருக்கிறேன். அவள் காலத்தைச் சொல்கிறாள். அவர் அதற்குச் சொல்லும் பதிலில் காலமே இல்லை. "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்." எப்போது என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு நான் யார் என்பதைக் கொடுக்கிறார். அதற்குப் பிறகு, கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப் போகிறார் என்று அவருக்கே தெரிந்திருந்தும், அழுகிறார்.

அந்தக் கண்ணீர் எனக்குப் பெரிய ஆதாரம். எல்லாம் சரியான நேரத்தில் சரியாக நடக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை என்பதுதான் அவருடைய மனநிலை என்றால் அவர் அழுதிருக்க மாட்டார், மரியாளைத் தேற்றியிருப்பார். நேரத்தைப் பார்த்து அவருடைய குணத்தைக் கண்டுபிடிக்கப் போனால் நாவலடியில் ஒரு கடவுளும் டவுனில் இன்னொரு கடவுளும் கிடைப்பார்கள். அவருடைய குணத்தைப் பிடித்துக்கொண்டு நேரத்தைப் பார்த்தால், புரியாத நேரம் புரியாமலே இருக்கும், ஆனால் அவர் அந்நியராக மாட்டார். மாமி இதை யாரிடமும் படிக்கவில்லை. தன் வீட்டு மணலில் நின்று கற்றுக்கொண்டார்.

யாத்திராகமம் 34இல் கர்த்தர் மோசேக்கு முன்பாகக் கடந்துபோய்த் தம்மைத் தாமே சொல்கிறார்: இரக்கம், கிருபை, நீடிய சாந்தம், மகா தயை, சத்தியம். ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து கும்பிட்ட பிறகு சொன்னது இது. அவர் அவசரக்காரராக இருந்திருந்தால் அந்தக் கூட்டம் மலையடியிலேயே முடிந்திருக்கும். அவருடைய தாமதத்தில்தான் அவர்கள் பிழைத்தார்கள். 2 பேதுரு 3ஆம் அதிகாரமும் இதையே சொல்கிறது: ஒருவரும் கெட்டுப்போகாமல் எல்லோரும் மனந்திரும்ப வேண்டும் என்று விரும்பி நீடிய பொறுமையாக இருக்கிறார். நாங்கள் குறைப்படும் அதே பிந்துதலின் நிழலில்தான் நாங்களும் குடியிருக்கிறோம். இதில் எனக்கு முழு நம்பிக்கை இருக்கிறது. ஆனாலும் இதை எடுத்துக்கொண்டுபோய் நாவலடிக்கு விளக்கமாக வைக்க மாட்டேன். காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளைக்கு இது பதில் அல்ல. அந்தப் பதிலை நான் எங்கேயும் காணவில்லை, அதைக் காணாமலே அவரை நம்பலாம் என்று மாமியைப் பார்த்து அறிந்திருக்கிறேன்.

2019இல் திரும்பவும் இந்தக் கேள்வி எங்கள் வாசலுக்கு வந்தது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, எங்கள் நகரத்துச் சீயோன் தேவாலயத்தில் தற்கொலைக் குண்டு வெடித்தது. ஓய்வுநாட் பாடசாலை முடித்து இடைவேளையில் நின்ற பிள்ளைகள். இறந்தவர்களில் 14 பேர் பிள்ளைகள். அந்தக் கிழமைகளில் எத்தனை பேர் விளக்கத்தோடு வந்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. அன்று பிந்தி எழும்பியதால் போகாமல் தப்பியவர்களின் கதைகள் வாட்ஸ்அப்பில் சாட்சியாகச் சுற்றின. உள்ளே நின்றவர்கள் நேரத்துக்குப் போனவர்கள். ஆராதனைக்கு நேரத்துக்குப் போவது ஆபத்து என்றா அர்த்தம்? சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, அப்படியல்ல என்று தாமே மறுத்தார். செத்தவர்களைப் பற்றி ஒரு காரணமும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு நின்றவர்களைப் பார்த்து மனந்திரும்பச் சொன்னார். அவர் பேசாத இடத்தில் நாங்கள் பேசக்கூடாது. கூட நிற்கலாம், சமைத்துக் கொடுக்கலாம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், சவப்பெட்டி தூக்கலாம். அன்றைக்கு அதைச் செய்தவர்களில் எங்கள் சபைக்கு வெளியே உள்ளவர்களும் நிறையப்பேர் இருந்தார்கள்.

தப்பியவர்கள் சாட்சி சொல்லட்டும். என் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லி அங்கேயே நிறுத்தட்டும். ஏன் நாங்கள், ஏன் அவர்கள் இல்லை என்பதற்குள் போக வேண்டாம். காலங்களையும் வேளைகளையும் பிதா தம்முடைய ஆதீனத்தில் வைத்திருக்கிறார், அது உங்களுக்கு அடுத்ததல்ல என்று இயேசு பரலோகத்துக்குப் போகும் முன் சீஷருக்குச் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டால் போதும்.

இன்னொன்றையும் போதகர் ஐயாவிடம் கேட்டிருக்கிறேன். வருகிற வருடக்கடைசி ஆராதனையில், சாட்சி நேரத்துக்கு முன் 13ஆம் சங்கீதத்தை முழுதாக வாசிக்க வேண்டும், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்ற முதல் வரியிலிருந்து. அதற்குப் பிறகு, இன்னும் கிடைக்காதவர்களும் எழும்பி, கேட்டேன், கிடைக்கவில்லை என்று சொல்ல இடம் தர வேண்டும். சனம் குழம்பிவிடுமோ என்று அவருக்குப் பயம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். மாமியிடம் சொன்னேன். யாரும் எழும்பாவிட்டால் முதலில் தான் எழும்புவதாகச் சொன்னார்.